ஆன்டெனா துளையில் வைத்த பொட்டு

சொந்தக் காலில் நின்று மேலே வந்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு தொழிலில் ஜெயித்துவிட்டால், உலகத்தில் இருக்கிற அத்தனை தொழிலும் தனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்வான். எனக்கு அந்த வியாதி நன்றாக முற்றியிருந்தது. வைத்தியம் பார்த்தவள் என் மருமகள். வைத்தியத்தின்போது கொஞ்சம் கருகல் வாசனை வந்தது, அவ்வளவுதான்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். (உள்ளூர்க்காரர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போகலாம், அவர்களுக்குத் தெரியும்.) பெயர் ஏழுமலை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நான்தான் அதை விட்டேன் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டப் பழகி, தனியாகக் கடை போட்டு, இன்றைக்கு அவலூர்பேட்டை ரோட்டில் மாடிமேல் மாடி வைத்த கட்டடம், கீழே பம்ப்செட் கடை, மேலே வீடு. கீழ்பென்னாத்தூர் பக்கம் பாதிக் கிணறுகளில் என் கை பட்ட மோட்டார்தான் ஓடுகிறது. மீதிக் கிணறுகளில் மோட்டார் ஓடவில்லை என்றால், அது வேறு கடையில் வாங்கியது.

இப்படிப்பட்ட எனக்கு, நித்யா மருமகளாக வந்தாள். என் மகன் சுரேஷின் மனைவி. பெங்களூரில் பெரிய கம்பெனியில் ரேடியோ சிப்புகளுக்கு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவள். பேத்தி யாழினி பிறந்த பிறகு மூன்று பேரும் இங்கேயே வந்துவிட்டார்கள். சுரேஷ் கடையைப் பார்த்துக்கொண்டான். நித்யா முதல் மாடியில் ஒரு மேஜையைப் போட்டு, அதன்மேல் பிஸ்கட் அளவுக்குச் சின்னச் சின்னப் பச்சை அட்டைகளை (போர்டு என்று பெயர்) பரப்பி, காலையிலிருந்து சாயங்காலம்வரை லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாமா பண்ற நீ? எனக்குப் புரியற மாதிரி சொல்லேன்," என்று ஒருநாள் கேட்டேன்.

"இது ரேடியோ மாமா. பாட்டு கேக்குற ரேடியோ இல்ல. சின்ன பேட்டரியில வருஷக்கணக்கா ஓடும், ஆனா சேதி பல கிலோமீட்டர் போகும். ஏரியில தண்ணி எவ்ளோ இருக்கு, கிணத்துல மோட்டார் ஓடுதா, இந்த மாதிரி ஒரு வரி சேதிக்கு."

"சரி, ரேடியோ அவன் பண்ணிட்டான். அதுல உனக்கு என்ன வேலை?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "நம்ம ஸ்டார்ட்டர் பெட்டி இருக்குல்ல மாமா? உள்ள நூறு ஒயர் இருக்கு. ஆனா விவசாயிக்கு நீங்க என்ன குடுக்குறீங்க?"

"பச்சை பட்டன், சிவப்பு பட்டன்."

"அதேதான். அந்த சிப்புக்குள்ள ஏகப்பட்டது இருக்கு. அதை ஓட்டுறதுக்கு நான் எழுதுற புரோகிராமுக்கு டிரைவர்னு பேரு. அதுக்கு வெளிய பட்டன் மாதிரி சில கட்டளை வெச்சிருக்கேன். 'தொடங்கு', 'அனுப்பு', 'கேளு', 'தூங்கு'. வேற புரோகிராமர் யாரும் உள்ள கைவிட வேணாம், இந்த பட்டனை அமுக்குனா போதும்." (கட்டளைகள் இங்கிலீஷில்தான் இருக்கும். எனக்காகத் தமிழில் சொன்னாள்.) "இப்ப எழுதிட்டிருக்குறது, எந்த பட்டன் என்ன பண்ணும், எதை முதல்ல அமுக்கணும், எதுக்கு அப்புறம் எதுன்னு சொல்ற டாக்குமெண்ட்."

"அவ்ளோதானா? இதுக்கா மாசக்கணக்குல உக்காந்திருக்க?" என்றேன். என் கடையில் மோட்டார் வாங்குகிறவனுக்கு நான் வாசற்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி அனுப்பிவிடுவேன்.

அவள் சிரிக்கவில்லை. அந்த டாக்குமெண்டின்மேல்தான் எங்கள் வீடே நின்றது.

சென்னையில் ஏரி, குளங்களின் தண்ணீர் மட்டம் அளக்கிற கருவி செய்கிற கம்பெனி ஒன்று, நித்யாவின் டிரைவரை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. டிரைவர் வேலை செய்வதைப் பார்த்துவிட்டார்கள். ஆனால் மாவட்டம் மாவட்டமாகப் பாலிடெக்னிக் படித்த பிள்ளைகள் அதை எடுத்து வேலை செய்யப் போகிறார்கள், அதனால் டாக்குமெண்ட் தமிழிலும் வேண்டும், நித்யா பக்கத்தில் இல்லாமல், அதைப் படித்தே ஒருவர் ரேடியோவை ஓட்டிக் காட்ட வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். ஓடினால், இங்கேயே தொழில். ஓடாவிட்டால், பெங்களூரில் பழைய கம்பெனி கூப்பிட்டுக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் மூன்று பேரும் கிளம்பிவிடுவார்கள்.

பேத்தி இல்லாத வீட்டில் நானும் என் மனைவி பச்சையம்மாளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். கல்யாணம் ஆனதிலிருந்து கடை, பிள்ளை, வேலை என்று எதையாவது சொல்லி நாங்கள் இரண்டு பேரும் தள்ளிப் போட்டுவந்த விஷயம் அது.

இந்தக் கவலையில்தான் நான் உதவி செய்யக் கிளம்பினேன். (எங்கள் வீட்டில் "உதவி" என்ற சொல்லைக் கேட்டாலே இப்போது எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள்.)

அப்படிச் செய்து பார்க்கக் கம்பெனியிலிருந்து ஒரு மேடம் வருவதற்கு முந்தின வாரம், நித்யா டாக்குமெண்டை அச்செடுத்து என்னிடம் கொண்டுவந்தாள். "ரேடியோ தெரியாதவங்களுக்குப் புரியுதான்னு பாக்கணும் மாமா. படிச்சுட்டு சொல்லுங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தேன். முதல் பக்கம், முதல் வரி, பெரிய எழுத்து: 'எச்சரிக்கை! ஆன்டெனா மாட்டாமல் ஒருபோதும் அனுப்பாதீர்கள். சிப் செத்துப்போகும்.'

தாளை அவள் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"இன்னாமா இது? முதல் வரியிலயே சாவு?"

"உண்மைதான மாமா. ஆன்டெனா இல்லாம அனுப்புனா சக்தி வெளிய போக வழியில்லாம சிப்புக்கே திரும்பி வந்துடும். எரிஞ்சுடும்."

"உண்மையா இருக்கட்டும். அதுக்காக வாசல்ல எழுதி வெப்பியா? அடுத்து பாரு, 'கூடாது'. அதுக்கு அடுத்து, 'பிழைகளின் பட்டியல்'. முழுசும் அபசகுனம்! காலையில கடை தொறந்ததும் வர்ற முதல் ஆளு, நம்மகிட்ட இல்லாத சாமானைக் கேட்டாக்கூட 'இல்ல'ன்னு சொல்லமாட்டேன் நான். 'வருது, உக்காருங்க'ன்னு சொல்வேன். வெளக்கை அணைன்னு சொல்றமா வீட்ல? மலையேத்துன்னுதான சொல்றோம்? முதல் பக்கம்ன்றது கடையோட முகம்மா. அதுல மங்களமா நாலு வார்த்தை இருக்கணும்."

"பயப்படணும்னுதான் மாமா முதல்ல வெச்சிருக்கேன்."

"பயந்தவன் வாங்கமாட்டான்."

இரண்டு நாள் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. நானும் விடவில்லை. சாப்பிடும்போது சொன்னேன். மாடிப்படியில் மறித்துச் சொன்னேன். மூன்று கடை பார்த்த அனுபவம் பேசுகிறது என்றேன். (ஒரே கடைதான். மூன்று தடவை இடம் மாற்றியதைத்தான் அப்படிச் சொல்வேன்.) கடைசியில் அவள் அலுத்துப்போய், "சரி மாமா. டெமோ போர்டுல நானே ஆன்டெனா மாட்டித்தான் வெக்கப்போறேன். ஒண்ணும் ஆகாது" என்று எச்சரிக்கைகளையெல்லாம் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளினாள். முதல் பக்கத்தில் 'வாருங்கள்! நெடுந்தூரம் பேசலாம்' என்று வந்தது. நான் சொல்லிக்கொடுத்த வரி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "மருமக ஒரு புஸ்தகம் எழுதறா, முகப்பு மட்டும் நம்மளது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த நாளும் வந்தது. பௌர்ணமி அன்று போய் அமைந்தது. கிரிவலக் கூட்டத்தில் ரோடு அடைபடும் என்று பயந்து, மேடம் காலையிலேயே காரில் வந்து இறங்கிவிட்டார். ரேவதி என்று பெயர். நாற்பது வயது இருக்கும். அதிகம் பேசாத ஆள்.

"நான் சாஃப்ட்வேர்தாங்க. ரேடியோ எனக்கு சுத்தமா தெரியாது. அதனாலதான் நானே படிச்சு செஞ்சு பாக்கலாம்னு வந்தேன்," என்றார். பிறகு நித்யாவைப் பார்த்து, "நீங்க இங்க இருந்தா உங்க மூஞ்சியைப் பாத்தே நான் சரியா தப்பான்னு கண்டுபுடிச்சுடுவேன். கீழ கடையில இருங்க. நான் கூப்புடற வரைக்கும் வராதீங்க."

நித்யாவின் ஏற்பாடு இதுதான். மேஜையில் இரண்டு போர்டு. ஒன்று வேலைக்கு, ஒன்று உபரி. மூன்றாவது போர்டு, கீழ்பென்னாத்தூர் ரோட்டில் எங்கள் நிலத்தில், மோட்டார் கொட்டகைமேல். மேஜையிலிருந்து சேதி போனால் கொட்டகையில் ஒரு விளக்கு எரியும். எரிந்ததா என்று சொல்ல, கொட்டகை வாசலில் போனோடு பச்சையம்மாள். பௌர்ணமியன்று கோயிலுக்குப் போகாமல் வரப்பில் உட்கார வைத்ததற்காக அவளுக்கு என்மேல் கோபம். போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்திருந்தோம். அந்தக் கோபம் மூச்சாகவே கேட்டது.

நித்யா கீழே போனாள். போகும்போது என்னைப் பார்த்து, "மாமா, நீங்க எதையும் தொடாதீங்க," என்றாள்.

"நான் ஏம்மா தொடப்போறேன்?" என்றேன்.

அவள் படியிறங்கிய சத்தம் ஓய்ந்ததும், "மேடம், ஒரு நிமிஷம்," என்றேன். "நல்ல காரியம். ஒரு கற்பூரம் காட்டிட்டு ஆரம்பிச்சுடலாங்களா?"

மேடம் நல்ல குடும்பத்துப் பெண்மணி. செருப்பைக்கூடக் கழற்றிவிட்டு எழுந்து நின்றார்.

புது மோட்டார் எதையும் நான் பூஜை போடாமல் கடையைவிட்டு அனுப்பியதில்லை. மஞ்சள், சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம், ஒரு முழம் மல்லி. எல்லாம் தட்டில் தயாராக இருந்தது. ஆனால் அந்தப் போர்டில் இடமே இல்லை. எங்கே பார்த்தாலும் முள் முள்ளாக ஏதோ. அதன் ஓரத்தில் கறுப்பு ரப்பர் குச்சி ஒன்று நெட்டுக்குத்தலாக நின்றது. அதுதான் ஆன்டெனா என்று எனக்கு அப்போது தெரியாது; ஆன்டெனா என்றால் மொட்டைமாடியில் டிவிக்கு நிற்கிற கம்பி என்றுதான் நினைத்திருந்தேன். கற்பூரத்தைச் சுற்றினால் அது உருகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. (பாருங்கள், இதில்கூட என் தொழில் புத்தி எவ்வளவு கூர்மையாக வேலை செய்திருக்கிறது!) திருகிக் கழற்றினேன். மரைதானே, இரண்டு போர்டிலும் சுலபமாக வந்துவிட்டது.

குச்சியைக் கழற்றிய இடத்தைப் பார்த்து அசந்துபோனேன். தங்க நிறத்தில் சின்னதாக ஒரு வட்டம், நடுவில் ஒரு குழி. பொட்டு வைப்பதற்கென்றே செய்தது போல இருந்தது. சந்தனத்தை அதில் அழுத்தி, மேலே குங்குமம் வைத்தேன். அவ்வளவு லட்சணமாக இருந்தது. உபரிக்கு மட்டும் வைக்காமல் விட்டால் அது என்ன பாவம் செய்தது? அதற்கும் வைத்தேன். உடனே குச்சியைத் திருப்பி மாட்டினால் பொட்டு கலைந்துவிடும். முதல் சேதி பொட்டோடு போகட்டும், பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்று இரண்டு குச்சிகளையும் தட்டில் மல்லிக்கு அடியில் வைத்துவிட்டேன்.

மேடம் கற்பூரத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். டாக்குமெண்டை முதல் பக்கத்திலிருந்து வரி விடாமல் படித்தார். 'வாருங்கள்! நெடுந்தூரம் பேசலாம்.' லேசாகப் புன்னகை செய்தார். நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

'தொடங்கு.' சரி என்று பதில் வந்தது. 'அலைவரிசையை வை.' சரி. 'தூரம் அதிகமென்றால் சக்தியை உச்சத்தில் வை.' சரி.

"ரொம்ப தெளிவா எழுதியிருக்காங்க உங்க மருமக," என்றார்.

"முகப்பு நான் சொன்னதுங்க."

'அனுப்பு.' சரி என்று வந்தது. சேதி போய்விட்டதாம். நான் போனை நோக்கிக் குனிந்தேன்.

"பச்சையம்மா! எரியுதா?"

"என் வயிறுதான் எரியுது."

"வெளக்கு, வெளக்கு!"

"வெளக்கு சும்மாதான் கீது."

மேடம் மறுபடி அனுப்பினார். திரையில் சரி, கொட்டகையில் இருட்டு. நான் தைரியம் சொன்னேன். "நம்ம மோட்டாரே முதல் தடவை முக்கும் மேடம். நாலு தரம் விடாம தட்டுங்க, ஓடிடும்." அவர் அதை நம்பி, விடாமல் தொடர்ந்து அனுப்பும்படி ஏதோ தட்டிவிட்டார். (படித்தவர்கள் என்னை நம்புவதில் ஒரு சந்தோஷம் உண்டு. அன்றைக்கும் இருந்தது.)

கொஞ்ச நேரத்தில் சந்தனம் காய்ந்து வெடித்தது. போர்டைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. மோட்டார் கடைக்காரனுக்கு அந்த வாசனை தெரியாதா? காயில் கருகுகிற வாசனைக்குத் தம்பி மாதிரி மெலிதாக ஒன்று வந்தது.

"ஏங்க, இன்னும் எத்தினி நேரம்? கால் மரத்துப்போச்சு!" என்றது போன்.

"இந்த போர்டுல ஏதோ கோளாறு மேடம். இன்னொண்ணு இருக்கு," என்று உபரியை நானே எடுத்து, மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினேன். அதுவும் 'தொடங்கு' என்றதும் சரி என்றது. 'அனுப்பு' என்றதும் சரி என்றது. தொடர்ந்து அனுப்பியதும் முன்னது போன வழியிலேயே போனது.

மேடம் டாக்குமெண்டைப் புரட்டிக்கொண்டே போனார். கடைசிப் பக்கத்தில் நின்றார். அமைதியாக வாய்விட்டுப் படித்தார்.

"ஆன்டெனா மாட்டாமல் ஒருபோதும் அனுப்பாதீர்கள். சிப் செத்துப்போகும்."

பிறகு போர்டைப் பார்த்தார். பொட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சார், ஆன்டெனா எங்க?"

தட்டில் மல்லியை விலக்கினேன். இரண்டு கறுப்புக் குச்சிகளும் மணமாகப் படுத்திருந்தன.

அந்த நிமிஷத்தில் எனக்கு எல்லாம் புரிந்தது. போனது இரண்டு போர்டு இல்லை. யாழினியின் புத்தகப் பை, சுரேஷின் வண்டிச் சாவி, மாடியில் இந்த மேஜை, எல்லாம் ஒரு பெங்களூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

நித்யாவைக் கூப்பிட்டார்கள். ஓடிவந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். குங்குமத்தைப் பார்த்தாள். "மாமா..." என்றாள்.  திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மேடம் ஃபைலை மூடினார். "என்னை மன்னிச்சுடுங்க நித்யா. படிச்சதைத்தான் நான் செஞ்சேன். படிச்சவங்க போர்டை எரிச்சுட்டாங்கன்னா, டாக்குமெண்ட் ஃபெயில்னுதான் நான் எழுதணும். இவ்ளோ முக்கியமான விஷயத்தை கடைசி பக்கத்துல ஏன் வெச்சீங்க?"

நித்யா என்னைக் கைகாட்டியிருக்கலாம். இந்தக் கிழவன்தான் காரணம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் உண்மை, சொன்னால் நியாயம்.

"தப்பு என்னுதுதான் மேடம்," என்றாள் நித்யா. "முதல்ல முன்னாடிதான் வெச்சிருந்தேன். அப்புறம் நான்தான் மாத்தினேன்."

 யாரிடமும் தலைகுனியாத ஏழுமலை என்று ஊரில் பெயர் எடுத்தவன் நான். "பொய் சொல்றா மேடம்!" என்று கத்திவிட்டேன். "மாத்தச் சொன்னது நான். சாவுன்னு எழுதாத, அபசகுனம்னு உயிரை வாங்கினது நான். குச்சியைக் கழட்டினதும் நான். இவ எழுதினபடி இருந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது."

போனிலிருந்து பச்சையம்மாள் குரல்: "நல்லா சொல்லுங்க! அவர்தான்! எங்க ஊட்டு கிரைண்டரையும் அவர்தான் எரிச்சாரு!"

மேடம் சிரித்துவிட்டார். அன்றைக்கு முதல் தடவையாக. அப்புறம் எழுந்துபோய் ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தார். அதற்குள் கூட்டம் சேர்ந்து, போலீஸ் தடுப்பு வைத்து வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். அவர் நினைத்தாலும் சாயங்காலம்வரை கார் நகராது. அண்ணாமலையார் எனக்குச் செய்த உபகாரம் அதுதான் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

"நித்யா," என்றார் திரும்பி. "எங்க ஆளுங்க போர்டு மாட்டப்போற ஊர்ல எல்லாம் உங்க மாமா மாதிரி ஒருத்தர் இருப்பார். பூஜை போடுவார், பொட்டு வெப்பார், எனக்குத் தெரியும்னுவார். அவரையும் தாங்குற மாதிரி எழுதுங்க. என் கார்ல எங்க போர்டு இருக்கு. அதே சிப்புதான். சாப்பாட்டுக்கு அப்புறம் திரும்பப் பாக்கலாம். ஆனா இந்த தடவை படிக்கப்போறது நான் இல்ல." என்னைக் காட்டினார். "இவர்."

வீட்டில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் "ஐயோ" என்றோம். நானும்தான்.

நித்யா உட்கார்ந்தாள். மதியம் அவள் சாப்பிடவில்லை. டாக்குமெண்டின் முதல் பக்கம் முழுவதையும் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினாள். அதோடு டிரைவரிலும் ஏதோ மாற்றினாள். என்ன என்று யாருக்கும் சொல்லவில்லை. நான் ஒரு தடவை தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன். "ஏதாவது உதவி..." என்று ஆரம்பித்தேன். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் சொம்பை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பரீட்சை ஆரம்பித்தது. மேஜையில் மேடத்தின் போர்டு. அதன் ஆன்டெனா பக்கத்தில் தனியாக ஒரு பிளாஸ்டிக் உறையில். நான் படித்து, எந்தக் கட்டளை என்று சொல்ல வேண்டும். மேடம் தட்டுவார். நித்யா சுவரோரம் வாயைப் பொத்தி நின்றாள். சுரேஷ் கடையை மூடிவிட்டு மேலே வந்துவிட்டான். (வியாபார நேரத்தில் கடை மூடியது என் சரித்திரத்திலேயே இல்லை. கேட்க எனக்கு வாய் இல்லை.)

டாக்குமெண்டைக் கையில் வாங்கினேன். வேர்த்துக் கொட்டியது. பரீட்சைப் பயத்தில் காலையில் பட்ட பாடே மறந்துபோயிற்று. முகப்புப் பக்கத்தைப் புரட்டி, நேராக இரண்டாம் பக்கத்தில் ஆரம்பித்தேன். ஏன் என்றால், முகப்பு என்றால் வரவேற்பு என்று என் மண்டையில் ஏறியிருந்தது. வரவேற்பை எவன் படிப்பான்?

"தொடங்கு," என்றேன்.

சரி என்று வந்தது.

"அலைவரிசையை வை. சக்தி உச்சம்."

சரி, சரி. குரலில் தெம்பு வந்துவிட்டது. கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, பரிசு வாங்கப் போகிறவன் மாதிரி சொன்னேன்: "அனுப்பு!"

பிளாஸ்டிக் உறை திறக்கவே படவில்லை. சுரேஷ், "அப்பா!" என்று ஓடிவர, நித்யா கையை நீட்டி அவனைத் தடுத்தாள். மேடம் அவளைப் பார்த்தார். நித்யா தலையை அசைத்தாள். மேடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டினார்.

போர்டு சும்மா இருந்தது. சூடு இல்லை, வாசனை இல்லை. திரையில் மட்டும் சிவப்பாக ஒரு வரி வந்தது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அந்த வரியில் இருந்த ஒரு சொல் மட்டும் தெரிந்தது. என் கடைப் பெயர்ப் பலகையில் ஆள் உயரத்துக்கு நான் தினமும் அண்ணாந்து பார்க்கிற எழுத்துகள் அவை.

"என் பேருடா இது!" என்றேன்.

மேடம் குனிந்து படித்தார். "பிழை: ஏழுமலை. ஆன்டெனா மாட்டியதாக உறுதி சொல்லாமல் அனுப்ப முடியாது. முதல் பக்கத்தைப் பார்க்கவும்."

நித்யா சுவரோரத்திலிருந்து தயங்கித் தயங்கிச் சொன்னாள். "ஆன்டெனா இருக்கா இல்லையான்னு சிப்புக்குத் தெரியாது மேடம். அதனால புதுசா ஒரு கட்டளை வெச்சேன். ஆன்டெனா மாட்டிட்டேன்னு ஆளு உறுதி சொன்னாத்தான் 'அனுப்பு' வேலை செய்யும். சொல்லலைன்னா இந்தப் பிழையைக் காட்டிட்டு நின்னுடும். அவசரத்துல பேரு கெடைக்கல... கோபத்துல அப்படி வெச்சுட்டேன். மாத்திடறேன்."

நான் முதல் பக்கத்துக்குத் திரும்பினேன். 'எச்சரிக்கை!' அதே வரிதான். இந்தத் தடவை பக்கம் முழுவதும் அது ஒன்று மட்டும். கீழே ஒரு படம், உறையிலிருந்து குச்சியை எடுத்து எங்கே திருக வேண்டும் என்று. உறையைக் கிழித்தேன். தங்க வட்டத்தில் குச்சியை வைத்துத் திருகினேன்.  "ஆன்டெனா மாட்டியாச்சு," என்று உறுதி சொன்னேன். சத்தியம் செய்வதுபோல நெஞ்சில் கை வேறு வைத்துக்கொண்டேன்.

"அனுப்பு."

எல்லோரும் போனை நோக்கிக் குனிந்தோம். பிறகு பச்சையம்மாளின் குரல், காலையிலிருந்து இருந்த கோபமெல்லாம் எங்கோ போய்:

"ஏங்க... எரியுதுங்க! எரியுது! நித்யாகிட்ட சொல்லுங்க, ஜம்முனு எரியுது!"

நித்யா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். சுரேஷும் அழுதான். நான் அழவில்லை. (கண்ணாடியில் வேர்வை. துடைத்துக்கொண்டேன்.)

மேடம் ஃபைலைத் திறந்து எழுதினார். "இவரே தாண்டிட்டார். இனிமே யார் வேணா தாண்டுவாங்க," என்றார். கிளம்பும்போது நித்யாவிடம், "அந்தப் பேரை மாத்தாதீங்க. வேற பேரு வெச்சா ஒருத்தரும் ஞாபகம் வெச்சுக்கமாட்டாங்க," என்றார்.

அவர்கள் பெங்களூர் போகவில்லை. முதல் மாடியில் இப்போது நித்யாவோடு இன்னும் சிலர் வேலை செய்கிறார்கள். நான் அந்தப் பக்கம் போனால் ஆன்டெனாக்களை டிராயரில் வைத்துப் பூட்டுகிறார்கள். எனக்கு வருத்தமில்லை. அந்தப் பெண் எனக்காகப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு நின்ற நிமிஷத்தை நினைத்தால், எத்தனை டிராயர் வேண்டுமானாலும் பூட்டிக்கொள்ளட்டும் என்று தோன்றுகிறது. நான் சம்பாதித்ததையெல்லாம் நானே சம்பாதித்தேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவன். இவளை மட்டும் நான் சம்பாதிக்கவில்லை. தானாக வந்து கிடைத்தாள்.

இப்போது ஏரிக்கரை ஏரிக்கரையாக யார் யாரோ பிள்ளைகள் என் பெயரைச் சொல்லித் தலையில் அடித்துக்கொள்கிறார்களாம். "டேய், ஏழுமலை வந்துருச்சுடா" என்றால் ஆன்டெனா மாட்ட மறந்துவிட்டான் என்று அர்த்தமாம். ஊரில் பெரிய மனிதர்கள் கோயில் டியூப்லைட்டில் பெயர் எழுதிவைக்கிறார்கள். அது ஃபியூஸ் போனால் போச்சு.

போன மாதம் யாழினியின் பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சர் போன் செய்தார். பச்சையம்மாள் எடுத்தாள். வீட்டில் யார் யார் என்ன செய்கிறார்கள் என்று வகுப்பில் கேட்டார்களாம். "அம்மா டிரைவர் எழுதறாங்க, அப்பா மோட்டார் விக்கிறாரு" என்று சரியாகச் சொன்ன குழந்தை, "எங்க தாத்தா ஒரு பிழை" என்று சொல்லிவிட்டதாம். பெரியவர்களை அப்படிப் பேசக் கூடாது என்று வீட்டில் கொஞ்சம் சொல்லிக்கொடுங்கள் என்றார் டீச்சர்.

பச்சையம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் போனில் சொன்னாள்:

"பேத்தி சரியாத்தான் சொல்லியிருக்கா டீச்சர். புஸ்தகத்துலயே அச்சடிச்சிருக்கு. ஒரு காப்பி அனுப்பி வெக்கவா?"